மழை கேட்ட குருவும் மருந்தை நிறுத்திய தாயும்



காணியை இழந்து, பிலிமத்தலாவைப் பக்கத்தில் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கி, கூலி வேலை செய்து வாழும் ஒரு தாயை நாம் அறிவோம். அவருடைய மகனுக்கு வலிப்பு நோய். குணமளிக்கும் கூட்டம் ஒன்றில் பையன்மீது கைவைத்துச் செபித்தார்கள். “குணமாகிவிட்டான். இனிக் குளிசை கொடுப்பது ஆண்டவரைச் சந்தேகிப்பது” என்றார்கள். தாய் சீட்டுக் காசைக் காணிக்கையாகப் போட்டார், குளிசையையும் நிறுத்தினார். நான்காம் நாள் இரவு பையனுக்கு வலிப்பு விடாமல் தொடர்ந்தது. முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார்கள்.

பின்னர் அந்தத் தாய் எம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சாமி, என்ட விசுவாசம் பத்தாமப் போச்சா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே இப்பாடத்தின் நோக்கம்.

புதுமைகளை நாம் நம்புகிறோமா?

ஆம், நம்புகிறோம். இயேசு நோயாளரைக் குணமாக்கினார். இன்றும் இறைவன் தமக்கு விருப்பமான விதத்தில் குணமளிக்கிறார். கண்டி மண்ணுக்கே இத்தகைய ஒரு நினைவு உண்டு. கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். 1696இல் கடும் வரட்சி. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் வேண்டுகோளின்படி அடிகளார் வெளியிடத்தில் பீடம் அமைத்து, சிலுவையை நாட்டிச் செபித்தார். மழை கொட்டியதென்றும், அவரும் பீடமும் நனையவில்லையென்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

பலரும் இக்கதையை இந்த இடத்திலேயே முடித்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு நடந்ததையும் சொல்லவேண்டும். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வசதியுள்ளோர் நகரைவிட்டு ஓடினர், நோயாளர் கைவிடப்பட்டனர். வாஸ் அடிகளார் ஓடவில்லை. மருமகனான யோசேப் கர்வாலோ அடிகளாரோடு சேர்ந்து நோயாளருக்கு இடம் அமைத்தார், உணவும் மருந்தும் கொடுத்தார், புண் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். மழைக்காகச் செபித்தவர் அம்மைக்கு மருந்து கொடுத்தார். இரண்டுக்கும் ஊற்று ஒரே விசுவாசம்தான்.

1711 சனவரி 16இல் கண்டியில் அவர் இறந்தார். 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். ஒருவரைப் புனிதராக அறிவிக்க வழமையாக இன்னுமொரு புதுமை உறுதிசெய்யப்பட வேண்டும். பாப்பரசர் பிரான்சிஸ் அதைக் கேளாமலே, 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். புனித வாழ்வுக்கு அந்த வாழ்வே சாட்சியாகப் போதுமாயிருந்தது.

திருச்சபை ஏன் அவசரப்படுவதில்லை?

பத்துத் தொழுநோயாளரை இயேசு குருக்களிடம் காட்டும்படி அனுப்பினார். குணமானதைச் சோதித்து உறுதிசெய்வது அக்குருக்களின் கடமை. இயேசு அந்தச் சோதனைக்கு அஞ்சவில்லை. பிரான்சிலுள்ள லூர்து நகரில் 1883 முதல் வைத்தியர்களின் பணியகம் ஒன்று இயங்குகிறது. நோய் கடுமையானதா, குணம் திடீரென வந்ததா, முழுமையானதா, நிலைத்ததா, மருத்துவத்தால் விளக்கக்கூடியதா என்று பல ஆண்டுகள் ஆராய்கிறார்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் குணம் பெற்றதாக அறிவித்திருந்தும், புதுமை என்று திருச்சபை ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும். 2000ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து வந்த அறிவுறுத்தலும், குணம் வேண்டிச் செபிப்பது நல்லது, ஆனால் கூச்சலும் பரபரப்பும் நாடகமும் ஆகாது என்கிறது.

நோய் நீங்காவிட்டால் விசுவாசக் குறைவா?

இல்லை. தம் உடலிலிருந்த முள் நீங்கும்படி புனித பவுல் மூன்றுமுறை வேண்டினார், அது நீங்கவில்லை. துரோப்பிமுவை அவர் நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுச்சென்றார். திமொத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிது திராட்சை இரசம் குடிக்கச் சொன்னார். இவர்களுக்கு விசுவாசம் இல்லையென்று யார் சொல்வார்? பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டபோது, யாரையும் குற்றஞ்சாட்ட இயேசு மறுத்தார். சீராக்கின் நூலோ வைத்தியரை மதிக்கவும், மருந்துகளை நிலத்திலிருந்து படைத்தவர் ஆண்டவரே என்று அறியவும் சொல்கிறது.

ஆகவே அந்தத் தாய்க்கு நாம் சொன்னது இதுதான்: “உங்கள் விசுவாசத்தில் குறையில்லை, அம்மா. நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களே, அதுவும் விசுவாசம்தான்.”

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தவேண்டாம். வலிப்புக் குளிசையைத் திடீரென விட்டால் வலிப்பு விடாமல் வரலாம். இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிராபத்து ஏற்படலாம். காசநோய் மருந்தை இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். குணமாகிவிட்டதாகத் தோன்றினால் வைத்தியரிடம் சோதித்துப் பாருங்கள். உண்மையான புதுமை சோதனையில் அழியாது.

2. மடு மாதாவின் மண் பாம்புக்கடியிலிருந்து காக்கும் என்ற பக்தி எம்மவரிடம் உண்டு. மாதாவை வேண்டுங்கள், ஆனால் நேரத்தைக் கடத்தவேண்டாம். கடித்த இடத்தை வெட்டாமல், இறுக்கிக் கட்டாமல், காலையோ கையையோ அசைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

3. இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பி தொலைந்துவிட்டதா? அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் நிலைமையைச் சொல்லிப் புதிதாகப் பதியுங்கள். அங்கு சிகிச்சை இலவசம்.

4. குணத்துக்கு விலை கேட்பவரை நம்பவேண்டாம். நாமான் கொண்டுவந்த பரிசை எலிசா வாங்கவில்லை. இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே கொடுக்கும்படி இயேசு சீடருக்குக் கட்டளையிட்டார்.

5. நோயாளருக்காகக் குருவானவரை அழையுங்கள். நோயில்பூசுதல் சாகும் வேளைக்கு மட்டும் உரியதன்று. கடும் நோயிலும் பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னும் பெறலாம்.

குழுவாகக் கலந்துரையாட

அ. எங்கள் குடியிருப்பில் மருந்தை இடையில் நிறுத்தியவர் உண்டா? ஏன் நிறுத்தினார்: விசுவாசத்தாலா, பேருந்துக் காசு இல்லாமையாலா?

ஆ. கிளினிக்குக்குத் தனியே போகமுடியாதவரோடு துணைக்குப் போக எம்மில் யார் முன்வருவோம்?

வாஸ் அடிகளார் அம்மை நோயாளருக்குச் செய்ததை நாம் ஒருவருக்கொருவர் செய்வோமானால், அதுவும் கண்டி மண்ணில் பெய்யும் மழைதான்.