வாகனத்தில் அப்பும் பூச்சிகள்

ஓசூர் ஆலைகளில் பணிபுரியும் நம்மவர், ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி வழியாக மேல்சித்தாமூருக்குக் காரில் செல்வதுண்டு. இரவில் பயணம் செய்தால், விடியற்காலையில் முன்கண்ணாடியிலும் பானெட்டிலும் பூச்சிகள் அப்பியிருக்கக் காண்கிறோம்.

உயிருடன் சிக்கியிருப்பவற்றை முதலில் மெல்ல எடுத்துவிடுதல் வேண்டும். காய்ந்தவற்றைச் சுரண்டலாகாது, அவற்றின் ஓடே பெயிண்டைக் கீறிவிடும். வெயிலில் விட்டுவைத்தலும் தகாது. உடற்சாறு மேற்பூச்சை அரித்து நிலையான தழும்பாக்கும். நிழலில் நிறுத்தி, வடிகட்டிய நீரில் தோய்த்த மெல்லிய துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைப்பின் ஊறிக் கழன்றுவிடும். எஞ்சியதற்குக் கார் ஷாம்பு போதும். சலவைத்தூளும் தேங்காய் நாரும் ஆகா (நாமே ஒருமுறை தேய்த்துப் பாழாக்கியிருக்கிறோம்).

விட்டிலும் வண்டும் நாலறிவுயிர்கள். இருளில் விளக்கொளியை நாடி வருவன. சென்ற முறை பொழுது புலர்ந்தபின்னரே புறப்பட்டோம். ஊத்தங்கரையில் இறங்கிப் பார்த்தபோது கண்ணாடியில் இரண்டே கறைகள்.