சாலையில் இரு நாடுகள்: பிரிட்டனும் சுவீடனும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

சாலை விதி என்றதும், “இடப்பக்கமாகச் செல், சிவப்பு விளக்கைக் கண்டால் நில்” என்ற இரண்டோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். ஆனால் அவ்விதிகளுக்குப் பின்னே ஒவ்வொரு நாட்டிற்கும் ஒரு கொள்கை உண்டு. விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? ஓட்டியவருடையதா, நடந்தவருடையதா, சாலையை அமைத்தவருடையதா? இக்கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை மாறுகிறது. உலகில் சாலைச் சாவுகள் மிகக் குறைந்த நாடுகளின் வரிசையில் பிரிட்டனும் சுவீடனும் முன்னணியில் உள்ளன. ஆயினும் அவை நடந்துவந்த வழிகள் வேறு வேறு.

இரு நாடுகளின் கதையிலும் 1967-ஆம் ஆண்டு மறக்க முடியாதது. அதற்கு முன்பு சுவீடனிலும் நம்மைப் போல் இடப்பக்கமாகவே வண்டி ஓட்டினர். அண்டை நாடுகளான நார்வேயிலும் பின்லாந்திலுமோ வலப்பக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுவீடனில் ஓடிய கார்களில் பெரும்பாலானவற்றிற்குச் சுக்கான் சக்கரம் இடப்புறம் இருந்தது! அதாவது, ஓட்டுநர் சாலையின் ஓரத்தை ஒட்டி அமர்ந்திருப்பார். முன்னால் செல்லும் வண்டியை முந்த விரும்பினால் எதிரே வருவது அவர் கண்ணுக்குத் தெரியாது. மாற்றலாமா என்று 1955-இல் மக்களிடம் வாக்கெடுத்தபோது, நூற்றுக்கு 83 பேர் “வேண்டாம்” என்றனர். இருப்பினும் 1963-இல் நாடாளுமன்றம் மாற்றத்திற்கு ஒப்புதல் அளித்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை 4.50-க்குச் சாலையில் இருந்த வண்டிகள் யாவும் நின்றன. மெல்ல வலப்பக்கத்திற்கு நகர்ந்து மறுபடியும் நின்றன. மணி ஐந்து அடித்ததும் வலப்பக்கமாகப் புறப்பட்டன. பேருந்துகளின் கதவுகளைக்கூட மறுபுறம் மாற்ற வேண்டியிருந்தது. மாற்ற இயலாத பழைய பேருந்துகள் சில, இடப்பக்கம் ஓட்டும் பாகிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் விற்கப்பட்டன. புது வழக்கத்திற்கு அஞ்சி எல்லாரும் நிதானமாக ஓட்டியதால் முதலில் விபத்துகள் குறைந்தன. அச்சம் தெளிந்ததும், இரண்டே ஆண்டுகளில், பழைய அளவை எட்டிவிட்டன. பக்கம் மாறியதால் மட்டும் மனிதர் மாறிவிடவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் பிரிட்டனில் வேறொரு மாற்றம் நடைமுறைக்கு வந்தது. குடித்துவிட்டு ஓட்டுபவரை ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கும் கருவியைக் காவலர் கையில் கொடுத்தது அரசு. அதற்கு முந்திய ஆண்டில் மட்டும் அந்நாட்டுச் சாலைகளில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டிருந்தனர். இச்சட்டத்தைத் துணிந்து கொண்டுவந்தவர் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காஸில் அம்மையார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது! “ஓட்டத் தெரியாத பெண்ணுக்கு இது எதற்கு?” என்று ஏளனம் செய்தவர் பலர், மிரட்டல் கடிதங்களும் வந்தன. அவர் அசையவில்லை. நெடுஞ்சாலை வேகத்திற்கு மணிக்கு 70 மைல் என்ற வரம்பை நிலையாக்கியவரும் அவரே. சாலையில் ஓட்டுபவர் மட்டுமா இருக்கிறார்? நடப்பவரும் இருக்கிறார் அல்லவா? நடப்பவரின் கண்ணால் பார்க்க ஓர் அமைச்சர் கிடைத்தது நல்லதே என்று எனக்குத் தோன்றுகிறது.

மதுவைப் பொறுத்தவரை சுவீடனின் சட்டம் மிகக் கடுமையானது. பிரிட்டன் 1967-இல் வகுத்த வரம்பு, 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம். அரை நூற்றாண்டிற்கு மேல் இங்கிலாந்தில் அது அசையாமல் நின்றது. ஸ்காட்லாந்து மட்டும் 2014-இல் அதனை 50 ஆகக் குறைத்தது. சுவீடனிலோ 1990 முதல் 20 தான்.

இருக்கைப் பட்டையிலும் சுவீடன் முந்திக்கொண்டது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய பட்டையை 1959-இல் வால்வோ கார் நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். வண்டி திடீரென நின்றாலும் உள்ளே இருப்பவர் நிலைமத்தால் முன்னோக்கிப் பாய்வார் என்று இயற்பியலில் படிக்கிறோமே, அந்தப் பாய்ச்சலைத் தடுப்பது இப்பட்டை. மற்ற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வால்வோ இடமளித்தது. முன் இருக்கையில் அமர்பவர் பட்டை அணிய வேண்டும் என்று சுவீடன் 1975-இல் சட்டம் செய்தது. பிரிட்டனில், “இது தனி மனித உரிமையில் தலையிடுவது” என்ற வாதம் ஓய்ந்து, 1983-இல்தான் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

உரிமம் பெறும் வயது பிரிட்டனில் 17, சுவீடனில் 18. சுவீடனில் 16 வயதிலேயே தாய் தந்தையருடன் பழகத் தொடங்கலாம்; ஆனால் மகளும் கற்றுக்கொடுக்கும் பெற்றோரும் சேர்ந்து ஒரு வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும். (நம் பெற்றோர் இதற்கு உடன்படுவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்!) பனியில் வண்டி சறுக்கினால் எப்படி இருக்கும் என்பதையும் வழுக்குத் தளத்தில் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி, சிறு பிள்ளைகளைப் பற்றி. இரு நாடுகளின் வேற்றுமை இங்குதான் நன்றாகத் துலங்குகிறது. பிரிட்டன் பிள்ளைகளுக்குச் சாலையைக் கடக்கக் கற்றுக்கொடுத்தது. நில், இருபுறமும் பார், காது கொடுத்துக் கேள், பிறகு கட என்னும் பாடத்தை 1970-களில் தொலைக்காட்சி மூலம் வீடுதோறும் கொண்டுசென்றது. அதற்கு முன்பே, 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பள்ளி வாயில்களில் வட்டப் பலகை பொருத்திய நீண்ட கோலுடன் பணியாளர்கள் நின்றனர். அக்கோல் குச்சி மிட்டாய் போல் இருப்பதால் அப்பணியைச் செய்யும் பெண்களைப் பிள்ளைகள் ‘லாலிபாப் லேடி’ என்று செல்லமாக அழைத்தனர். அந்தப் பலகையைக் காட்டினால் எப்பேர்ப்பட்ட காரும் நின்றே ஆக வேண்டும்.

சுவீடனில் ஸ்டீனா சாண்டெல்ஸ் என்ற பெண் பேராசிரியர் 1960-களில் இதையே வேறு விதமாகக் கேட்டார்: சிறு பிள்ளையால் இப்பாடத்தைக் கடைப்பிடிக்க முடியுமா? பல குழந்தைகளை ஆராய்ந்த அவர், முடியாது என்ற முடிவுக்கு வந்தார். நிறுத்தியிருக்கும் காருக்கு மேலாகப் பார்க்கும் உயரம் குழந்தைக்கு இல்லை. வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கத் தெரிவதில்லை. விதியை ஒப்பிக்கும் அதே குழந்தை, பந்து உருண்டோடினால் விதியை மறந்து பின்னால் ஓடுகிறது. ஆகவே குழந்தையைச் சாலைக்கேற்ப மாற்ற முயல்வதைவிட, சாலையைக் குழந்தைக்கேற்ப மாற்ற வேண்டும் என்றார். தம்பி தங்கையைப் பள்ளிக்கு அழைத்து வரும் எந்த அக்காவும் இதை மறுக்க மாட்டாள்.

1997-இல் சுவீடன் நாடாளுமன்றம் இக்கருத்தை எல்லா வயதினருக்கும் விரித்தது. சாலையில் எவரும் சாகவோ பெருங்காயம் அடையவோ கூடாது. இலக்கு பூஜ்யம் என்று அறிவித்தது. மனிதன் தவறு செய்யவே செய்வான். அத்தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது. எனவே சாலையை அமைப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்பது அதன் சாரம். இதனைச் செயலிலும் காட்டினர். இரு திசையிலும் வண்டிகள் ஓடும் பல சாலைகளின் நடுவே எஃகுக் கம்பி வடம் கட்டினர். தூங்கி வழியும் ஓட்டுநர் எதிர்ப்பக்கம் பாய்ந்தாலும் வடம் தாங்கிக்கொள்ளும். பல ஊர்களில் பள்ளித் தெருக்களின் வேகத்தை 30 கிலோமீட்டராக்கினர். ஏன் முப்பது? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 50 கிலோமீட்டரில் வரும் கார் 30-இல் வருவதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆற்றலோடு மோதும். முன்னதில் உயிரிழக்கும் ஆபத்து மிகும். பின்னதில் பெரும்பாலோர் பிழைப்பர்.

2019-இல் பிரிட்டனில் 1,752 பேரும் சுவீடனில் 221 பேரும் சாலையில் உயிரிழந்தனர். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், பத்து இலட்சம் பேருக்கு முறையே 27, 22. நம் நாட்டில் அதே ஆண்டு 1,51,113 பேர். பத்து இலட்சத்துக்கு 110. பூஜ்யத்தைச் சுவீடனும் எட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் 1966-இல் அங்கு 1,300-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நினைத்தால், வந்த தொலைவு சிறிதன்று.

பிரிட்டனும் மெல்ல மாறிவருகிறது. 2022-இல் அதன் சாலை விதி நூலைத் திருத்தியபோது, பிறருக்கு மிகுந்த தீங்கு செய்யக்கூடிய வண்டியை ஓட்டுபவருக்கே மிகுந்த பொறுப்பு என்று சேர்த்தனர். சந்திப்பில் கடப்பதற்காகக் காத்து நிற்பவருக்கும் கார் வழிவிட வேண்டும். 2023 செப்டம்பரில் வேல்ஸ் பகுதி, குடியிருப்புச் சாலைகளின் பொது வேக வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டராகக் குறைத்தது. அதை எதிர்த்து நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். மறு ஆண்டு, சில சாலைகளுக்கு மட்டும் பழைய வேகத்தைத் திருப்பித் தர அரசு இசைந்தது. மற்றத் தெருக்களில் இருபது மைலே நீடித்தது.