பெருங்கலம் புகும் ஆறு

நுழையும்முன்
ஆறும் கடலும் கூடுமிடம் ‘புகார்’ எனப்பட்டது. உள்நாட்டின் விளைபொருளும் வெளிநாட்டின் வணிகமும் அங்கே சந்தித்தன. அச்சந்திப்பு நீடிக்க ஆற்றின் ஆழமும் நீடிக்க வேண்டும். அந்த ஆழத்தைக் காக்க மனிதர் தரும் விலையைப் பற்றிச் சிந்திக்கிறது இப்பாடம்.

வயலும் கடலும்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்திலிருந்து கடல் வெகுதொலைவு. எனினும் இவ்வட்டார உழவர்கள் பட்டறையிட்டுக் காக்கும் சின்ன வெங்காயத்திற்கும் கடலுக்கும் தொடர்புண்டு. தமிழகத்துச் சின்ன வெங்காயம் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. அதைச் சுமந்து செல்வது சரக்குப் பெட்டகம்.

1956இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் 58 பெட்டகங்களை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பினார். இன்றைய பெருங்கப்பல் ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் 61 மீட்டர் அகலமும் உடையது. இருபதடிப் பெட்டகங்கள் 24,000க்கும் மேல் சுமக்க வல்லது. முழுச் சுமையுடன் மிதக்க அதற்கு 16 மீட்டருக்கும் கூடுதலான ஆழம் தேவை.

சங்கப் பாடல் காட்டும் ஆழம்

சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய பாடல் புறநானூற்றின் முப்பதாம் பாடலாகும். பாயை இறக்காமலும் பாரத்தைக் குறைக்காமலும் ஆற்றுமுகத்தில் நுழையும் பெரிய மரக்கலத்தை அது காட்டுகிறது. சுமை குறைக்காமல் கலம் புகுந்தது என்னும் செய்தி காவிரி முகத்தின் ஆழத்தை உணர்த்துகிறது. கப்பலின் பெருமையைக் கூறுவதன் வழியே ஆற்றின் பெருமையையும் புலவர் கூறிவிடுகிறார்.

இரண்டு ஆறுகள்

இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஆற்றங்கரையில் அமைந்தது கொல்கத்தா. ஊக்ளி ஆற்றின்மேல், கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே அது இருக்கிறது. ஆறு கொணரும் வண்டல் கப்பல் வழியைத் தொடர்ந்து மேடாக்கியது. வண்டலை அடித்துச் செல்லக் கங்கை நீரைத் திருப்பும் ஃபராக்கா அணை 1975இல் செயற்பாட்டுக்கு வந்தது. கடலுக்கு அருகில் ஹால்தியா கப்பல்துறை 1977இல் திறக்கப்பட்டது. ஆயினும் பெருங்கப்பல்கள் அங்கு வர இயலவில்லை. சிறு கப்பல்கள் பெட்டகங்களைக் கொழும்பு, சிங்கப்பூர் போன்ற துறைமுகங்களுக்குக் கொண்டு சென்று பெரிய கப்பல்களில் மாற்றுகின்றன. ஃபராக்காவில் திருப்பப்பட்ட நீரோ வங்கதேசத்துடன் நீர்ப்பங்கீட்டுச் சிக்கலை வளர்த்தது. 1996இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன.

செருமனியின் ஹாம்பர்க் நகரமும் எல்பே ஆற்றின்மேல், கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. 400 மீட்டர்க் கப்பல்கள் அங்கு வந்து செல்கின்றன. கடல் ஓதம் உயரும் நேரம் கணித்து, ஆற்றை அறிந்த வழிகாட்டி மாலுமிகள் துணைநிற்க, அவை நகர்கின்றன. பெரிய கப்பல்கள் எதிரெதிரே கடக்க ஆற்றுவழியின் ஒரு பகுதி அகலமாக்கப்பட்டது.

ஆற்றை மேலும் ஆழப்படுத்த முனைந்தபோது சூழலியல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. எல்பேயின் ஓதப் பகுதியில் மட்டுமே வளரும் ஒரு நீர்த்தாவரம் அவ்வழக்கில் முதன்மை பெற்றது. வேறெங்கும் காணப்படாத அதன் பாதுகாப்பை வலுப்படுத்துமாறு 2017இல் நீதிமன்றம் பணித்தது. திருத்தங்களுக்குப் பின்னரே பணி தொடங்கியது. ஒரு செடிக்காகப் பெருங்கப்பல்கள் காத்திருந்தன.

எண்ணிப் பார்க்க

கப்பல் பெரிதானால் ஒரு பெட்டகத்திற்கு ஆகும் செலவு குறையும். தொலைநாட்டுச் சந்தை உழவருக்கு அண்மையாகும். இது மறுக்கவியலாத நன்மை. ஆனால் கப்பலுக்கேற்ப ஆற்றை எவ்வளவு மாற்றலாம் என்பதை வணிகம் மட்டும் முடிவு செய்தல் ஆகாது. ஆற்றில் மீன்பிடிப்போரும் அதன் நீரைப் பருகுவோரும் அதில் வாழும் உயிர்களும் அதற்கு உரியவர்களே. அன்று காவிரியின் ஆழத்திற்கேற்பக் கலம் புகுந்தது. இன்று கலத்தின் ஆழத்திற்கேற்ப ஆறு தோண்டப்படுகிறது. இந்த மாற்றத்தில் நாம் பெற்றதையும் இழந்ததையும் ஒருங்கே கணக்கிடுவதே அறிவுடைமை.