இராச்சாப்பாட்டை விட்டால் என்ன?



இரவு ஆகாரத்தை விட்டுவிட்டுப் படுப்பதால் தேகத்துக்கு நன்மையா, தீமையா என்ற பேச்சு இப்பொழுது நமது சாலாக் செலாத்தான் வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. பள்ளிவாசல் திண்ணையிலும் கேட்கிறார்கள். எமது கடைக் கல்லாவின் முன் நின்றும் கேட்கிறார்கள். பதினாறு மணி நேரம் வயிற்றைச் சும்மா விட்டால் சர்க்கரை வியாதி ஓடிப்போகுமென்று கைத்தொலைபேசியில் யாரோ சொன்னாராம். ஆகவே இம்மாதப் பாடமாக இதனையே எடுத்துக்கொண்டோம். நாம் வைத்தியரல்லர், மத்ரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்ததோடு வியாபாரத்துக்கு வந்தவர். அறிந்தவர்களிடம் விசாரித்ததையும், மூன்று மாதம் நாமே செய்து பார்த்ததையும் வைத்துக்கொண்டு எழுதுகிறோம்.

முதலில் நாட்டின் நிலையைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டில் நம் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 54 பேருக்கு மேல் எடை மிகுந்தவர்கள். ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. அந்த வியாதியுள்ளவர்களில் ஐந்துக்கு இரண்டு பேர் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள். இந்திய வம்சாவளியினரான நம்மிடையே இவ்வியாதி மற்றவர்களைவிட அதிகம் என்பது அமைச்சின் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. கால் விரலை இழந்தவர், வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர் என்று ஒருவரையாவது அறியாத குடும்பம் நம் ஜமாஅத்தில் எத்தனை இருக்கும்?

இதில் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இந்நாட்டில் இரவெல்லாம் அடுப்பணையாத கடைகளில் பெரும்பாலானவை நம்மவர்களுடையவை. நாசி கண்டாரும் ரொட்டி சானாயும் மீ கோரேங்கும், கட்டிப் பால் ஊற்றி ஆற்றிய தே தாரேக்கும் நமது சமூகத்துக்குச் சோறு போட்ட தொழில். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 2024-இல் இருபத்து நான்கு மணி நேர உணவகங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்று கேட்டபோது நம்மவரில் பலர் சினந்தார்கள். அச்சினம் நியாயமே, இராத்திரி வேலை பார்த்துவிட்டு வரும் லாரி ஓட்டியும் தாதியும் எங்கே போய்ச் சாப்பிடுவது? ஆனால் இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பதினொன்றுக்குப் பந்தாட்டம் பார்க்கக் கடைக்கு வந்து இரண்டு ரொட்டியும் ஒரு தேத்தண்ணீரும் முடிக்கிறவருக்கு அந்த நியாயம் பொருந்தாது. விற்கிறவர் நாமேயானாலும் சொல்லத்தான் வேண்டும்.

இனி தேகத்தினுள் நடப்பதைப் பார்ப்போம். நாம் உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் என்ற உறுப்பு இன்சுலினைச் சுரந்து அச்சர்க்கரையை உடம்பின் அணுக்களுக்குள் செலுத்துகிறது. எஞ்சியதில் ஒரு பங்கு ஈரலில் சேமித்து வைக்கப்படுகிறது, மீதி கொழுப்பாகிறது. கடையில் சில்லறைக்கு ஒரு டப்பாவும், உள்ளே ஒரு பெட்டியும் வைத்திருக்கிறோமல்லவா? ஈரலில் இருப்பது சில்லறை. வயிற்றைச் சுற்றியிருப்பது பெட்டிப் பணம். சில்லறை தீராதவரை பெட்டியை யாரும் பெரிதாகத் திறப்பதில்லை. மூன்று வேளையும் உண்டு நடுநிசியிலும் எதையாவது கொறிப்பவருக்குச் சில்லறை தீருவதேயில்லை. பிற்பகலோடு நிறுத்தி மறுநாள் காலைவரை சும்மாயிருப்பவருக்கு, விடியற்காலைக்குள் கொழுப்பு அதிகமாக எரியத் தொடங்குகிறது.

இதோடு நேரமும் ஒரு விஷயம். அதே ஒரு தட்டுச் சோற்றைக் காலையில் உண்டால் ஏறும் சர்க்கரையைவிட இரவில் உண்டால் அதிகம் ஏறுகிறது. பொழுது சாய்ந்ததும் உறக்கத்துக்கான மெலட்டோனின் என்ற சுரப்பு வருகிறது. அது வரும்போது கணையத்தின் வேலை மந்தமாகிறது. மூடப்போகும் நேரத்தில் மொத்தச் சரக்கை இறக்கினால் அடுக்குவதற்கு ஆளிருக்காது என்பது கடைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் கண்டது என்ன? செக் நாட்டின் பிராக் நகரில் நீரிழிவுள்ள 54 பேரைக்கொண்டு ஒரு சோதனை செய்து 2014-இல் வெளியிட்டார்கள். அது நமது கேள்விக்கே நேரான சோதனை. பன்னிரண்டு வாரம் காலையும் மதியமும் மட்டும் உண்டார்கள். இன்னொரு பன்னிரண்டு வாரம் அதே அளவு ஆகாரத்தை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்து உண்டார்கள். இரண்டு வேளையாக உண்டபோது எடை 3.7 கிலோவும், ஆறு வேளையாக உண்டபோது 2.3 கிலோவும் குறைந்தன. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இரண்டு வேளைக்காரருக்கே நன்றாக இறங்கியது. அமெரிக்காவில் 2018-இல் வெளியான மற்றொரு சோதனையில், நீரிழிவின் வாசலில் நின்ற எட்டு ஆண்கள் ஐந்து வாரம் மாலை மூன்று மணிக்குள் கடைசி உணவை முடித்தார்கள். எடை குறையாதபடி வேண்டிய அளவு உணவு கொடுத்தும், அவர்கள் தேகத்தில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. இரத்த அழுத்தமும் இறங்கியது. எட்டே பேர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இத்துடன் நிறுத்தினால் ஒரு பக்கம் மட்டும் சொன்னதாகும். 2020-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த சோதனையில் 116 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் ஒரு சாரார் நண்பகல் முதல் இரவு எட்டுவரை மட்டும் உண்டார்கள்; அதாவது பசியாறலை விட்டு இராச்சாப்பாட்டை வைத்துக்கொண்டார்கள். வழக்கம்போல மூன்று வேளை உண்டவர்களுக்கும் அவர்களுக்கும் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சீனத்துக் குவாங்சோ நகரில் 139 பேரை வைத்து ஓராண்டு செய்த சோதனை 2022-இல் வெளியாயிற்று. எல்லாருக்கும் உணவின் அளவைக் குறைத்து, ஒரு சாராரை மட்டும் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை உண்ணச் சொன்னார்கள். நேரம் பார்த்து உண்டவர்களுக்குச் சராசரி 8 கிலோவும் மற்றவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தன. கணக்குப்படி அது உறுதியான வித்தியாசமல்ல என்றே அவர்கள் முடிவு கூறினார்கள். இவற்றிலிருந்து நாம் விளங்கிக்கொண்டது: இலாபத்தில் பெரும்பங்கு குறைவாக உண்பதிலிருந்து வருகிறது, கொஞ்சம் நேரத்திலிருந்தும் வருகிறது. இரவை விட்டதற்கு ஈடாக மதியத்தில் இரண்டு தட்டு பிரியாணி உண்பவருக்கு எந்த இலாபமும் இல்லை.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. 1982 ஜனவரி முதல் தேதியன்று நம் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரைமணி முன்னே தள்ளி வைத்தார்கள். ஆகவேதான் கோலாலம்பூரில் மஃரிபு ஆண்டு முழுவதும் ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் வருகிறது. மற்ற தேசத்தார் எழுதிவைத்த மணிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சூரியனைப் பார்த்து வைத்துக்கொண்டால் நமக்குச் சுலபம். அஸருக்குப் பின், மஃரிபுக்கு முன் வாயைக் கட்டினால் போதும்.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். இராச்சாப்பாட்டை விடுவது நோன்பாகாது. நிய்யத் இல்லை, சஹர் இல்லை, தண்ணீர் குடிக்கலாம். நன்மை நாடுகிறவருக்குத் திங்களும் வியாழனும், ஒவ்வொரு மாதமும் 13, 14, 15-ஆம் பிறைகளும் இருக்கின்றன. இரவும் பகலும் இடைவிடாமல் தொடரும் நோன்பை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இன்று சிலர் மூன்று நாள் வெறும் தண்ணீரில் கிடப்பதைப் பெருமையாகச் சொல்கிறார்களே, அதை இந்தப் பாடத்தோடு கலக்க வேண்டாம்.

"இரவில் சாப்பிடாமல் படுத்தால் முதுமை வரும் என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று பெரியவர் ஒருவர் எம்மிடம் கூறினார். இருக்கிறது. ஒரு கைப்பிடிக் காய்ந்த பேரீச்சம்பழமாவது உண்டு படுக்கச் சொல்லும் அந்த அறிவிப்பு திர்மிதியிலே உள்ளது. ஆனால் அதைப் பதிவு செய்த இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களே அது முன்கர் என்றும், அறிவிப்பாளர் வரிசையில் பலவீனமானவரும் அறியப்படாதவரும் உள்ளனர் என்றும் அதன் கீழேயே குறித்திருக்கிறார்கள். மேற்பாதியைப் படித்தவர்கள் கீழ்ப்பாதியையும் படிக்க வேண்டும். உணவு வைக்கப்பட்டிருக்கும்போது இகாமத் சொல்லப்பட்டால் முதலில் உண்ணுங்கள் என்ற கருத்துள்ள அறிவிப்போ பலமானது. ஆயினும் அது தொழுகையில் மனம் அலையாதிருப்பதற்காக. அதிலிருந்து அக்கால மக்கள் இரவுணவை மஃரிபு, இஷா வேளையிலேயே முடித்தார்கள் என்பதும் தெரிகிறது. அரபிகளுக்குக் காலையுணவு, மாலையுணவு என இரண்டே வேளைதான். மூன்றாம் வேளையும் நான்காம் வேளையும் நமக்குப் பிற்காலத்தில் சேர்ந்த சம்பத்து.

அயலாரிடமும் இவ்வழக்கம் உண்டு. தமிழ்நாட்டு ஜைனர்கள் கதிரவன் மறைந்தபின் உண்ணாமையை விரதமாகக் கொண்டவர்கள். பிரிக்பீல்ட்ஸில் 1894-இல் தோன்றிய புத்த மகா விகாரையின் பிக்குகள் நண்பகலுக்குப் பின் உணவு கொள்வதில்லை. நம் பாட்டிமார்களோ இராப்பட்டினி கிடந்தால் ஒரு குருவியளவு சதை குறைந்துபோகும் என்று பயமுறுத்துவார்கள். வயலில் உழைத்து ஒட்டிய வயிற்றோடு வந்தவர்களுக்கு அது பயந்தான். இன்றைக்கு அந்தக் குருவி போகட்டுமென்றுதானே காசு கொடுத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள்!

இப்பொழுது இப்பாடத்தின் முக்கியமான பகுதி. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்கிறவர்களும் டாக்டரைக் கேளாமல் இரவுணவை விடவே கூடாது. அம்மருந்துகள் நீங்கள் உண்டாலும் உண்ணாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். சோறு இல்லாதபோது அளவுக்கு மீறி இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அடையாளங்கள். பகலில் வந்தால் பக்கத்திலிருப்பவர் பார்ப்பார். உறக்கத்தில் வந்தால் யார் பார்ப்பது? மலேசியா உட்படப் பதின்மூன்று நாடுகளில் 2001-ஆம் ஆண்டின் ரமலானை ஒட்டி நடந்த பெரிய ஆய்வொன்று, இரண்டாம் வகை நீரிழிவுள்ளவர்களிடையே கடுமையான சர்க்கரைத் தாழ்வு அம்மாதத்தில் ஏறத்தாழ ஏழரை மடங்காயிற்று என்று கண்டது. பர்ளான நோன்புக்கே மருந்தின் அளவையும் வேளையையும் முன்கூட்டி மாற்றச் சொல்லும் டாக்டரிடம், இதற்கும் போய்க் கேட்பதில் வெட்கமென்ன? விரலில் குத்திப் பார்க்கும் கருவி 4-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால்மணி கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அந்நேரத்தில் "இன்று நான் சாப்பிடாத நாள்" என்று பிடிவாதம் பிடிப்பது அறியாமை. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்கிறவருக்கு இவ்வபாயம் மிகக் குறைவு. எனினும் அதைச் சோற்றோடு விழுங்கச் சொல்லியிருப்பதால், இராமாத்திரையை என்ன செய்வதென்று அவரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், வளரும் பிள்ளைகள், குடற்புண் உள்ளவர்கள், ஏற்கெனவே மெலிந்த முதியவர்கள் ஆகியோருக்கு இப்பாடம் எழுதப்படவில்லை. வயதானவருக்குக் கொழுப்போடு சதைவலிமையும் கரையும். விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

செய்ய விரும்புகிறவர் எப்படித் தொடங்குவது? ஒரேயடியாக வேண்டாம். முதல் இரண்டு வாரம் இராச்சாப்பாட்டை மஃரிபு தொழுததும் முடித்துவிட்டு, அதன்பின் தண்ணீரைத் தவிர எதையும் தொடாதிருங்கள். பலருக்கு இதுவே போதும். பிறகு வாரத்தில் இரண்டு இரவு விட்டுப் பாருங்கள். நாம் வாரத்தில் ஐந்து இரவு விட்டோம். காலை ஏழரைக்குப் பசியாறல், ஒன்றரைக்கு மதியச் சோறும் மீன் ஆணமும் கீரையும், அஸருக்குப்பின் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் அவித்த கடலையோ. ஐந்தரைக்கு நிறுத்தினால் மறுநாள் ஏழரைக்குப் பதினான்கு மணி நேரமாகிறது. முதல் வாரம் இரவு ஒன்பது மணிக்குத் தலைவலியும், யாரைக் கண்டாலும் எரிச்சலும் வந்தன. இரண்டாம் வாரம் அவை தணிந்தன. படுத்ததும் எழும் நெஞ்செரிச்சல் ஒழிந்தது எமக்குக் கிடைத்த முதல் இலாபம். சுபுஹுக்கு எழுவது இலேசானது இரண்டாவது. இடுப்பு வாரில் ஒரு துளை உள்ளே போனது கடைசியில்தான். சீனியில்லாத தேத்தண்ணீர் பசியை அடக்கும். கட்டிப்பால் ஊற்றினால் அது தேத்தண்ணீர் அல்ல, ஆகாரம்.

இராக்கடைகளில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கதை வேறு. மாலை ஏழு முதல் காலை ஏழு வரை கல் அடுப்பின்முன் நிற்கிறவரிடம் இரவுணவை விடச் சொல்வது அநியாயம். அவர் மஃரிபுக்குமுன் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, நடுநிசியில் இலேசாக ஏதாவது உண்டு, வேலை முடிந்து படுக்கப்போகும்போது வயிறு முட்ட உண்ணாதிருந்தால் போதுமானது. முதலாளிமார் அவர்களுக்கு மீந்த பரோட்டாவையே நாள்தோறும் கொடுக்காமல் காய்கறியும் மீனும் கொடுக்க வேண்டும். இது சட்டத்தில் எழுதியிருக்கிறதோ இல்லையோ.

வீட்டில் எல்லாரும் ஒன்றாக அமர்கிற ஒரே வேளை இரவாக இருந்தால் அதை விடுவதற்குமுன் யோசியுங்கள். தட்டில்லாமலும் பிள்ளைகளோடு உட்காரலாம். நாம் அப்படித்தான் உட்காருகிறோம். கல்யாணக் களறிக்கோ கெந்தூரிக்கோ அழைத்தால் போய் அளவாக உண்ணுங்கள். ஸுன்னத்தான நோன்பாளியே விருந்தளிப்பவருக்காக நோன்பை விட இடமிருக்கும்போது, இதற்காக ஒருவர் மனத்தை முறிக்க வேண்டியதில்லை. மற்ற நாட்களில், இன்று இரவு வேண்டாமென்பதைப் பானையில் அரிசி போடுமுன், அஸருக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். சமைத்து வைத்தபின் சொன்னால் அந்தச் சோறு மறுநாள் காலை உங்கள் தட்டுக்கே வரும்.