கண்ணின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் கருவிகள்

“எனக்குக் கண் நல்லாய்த் தெரியுது. பிறகேன் படம் பிடிக்க வேணும்?” சீனி வருத்தம் உள்ள பலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீரிழிவு நோய் கண்ணைக் கெடுக்கத் தொடங்குவது நோவில்லாமல், பார்வை நன்றாக இருக்கும்போதே.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் உண்டு. அதற்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களை நாட்பட்ட நீரிழிவு பலவீனமாக்குகிறது. வயல் வரம்பில் நண்டு வளை விழுந்தால் முதலில் கசிவுதான். வரம்பு உடைவது பிறகு. விழித்திரையிலும் முதலில் சிறு சிவப்புப் புள்ளிகளும் மஞ்சட் படிவுகளும் தோன்றும். பின்னர் புதிய குழாய்கள் தாறுமாறாக முளைத்து, உடைந்து இரத்தம் கசியும். காலத்தோடு கண்டால் லேசர் சிகிச்சையாலும் ஊசி மருந்தாலும் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். இழந்ததை மீட்பது கடினம்.

வைத்தியர் கண்ணருகே பிடித்துப் பார்க்கும் சிறு விளக்குக் கருவியை 1851இல் ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ற்ஸ் உலகுக்கு அறிவித்தார். இன்றும் அது பயன்படுகிறது. ஆனால் ஒரு நேரத்தில் மிகச் சிறிய பகுதியே தெரியும். கண்டதற்குப் படமும் மிஞ்சாது. மேசையில் வைக்கும் விழித்திரைக் கமரா ஒரே படத்தில் ஏறக்குறைய 45 பாகை அகலத்தைக் காட்டும். அந்தப் படத்தை வேறு ஊரிலுள்ள கண் வைத்தியருக்கும் அனுப்பலாம். ஆனால் அது பாரமானது, விலை கூடியது, மின்சாரமும் தனி அறையும் கேட்பது. விழித்திரையை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தாற்போல் காட்டும் ஓ.சீ.ரி. என்ற கருவி 1991இல் அறிமுகமானது. நடுப்பார்வைப் பகுதியின் வீக்கத்தை அளக்க அது மிகச் சிறந்தது. எனினும் ஊர் முழுவதையும் சோதிக்க அது பொருந்தாது.

கைத்தொலைபேசியோடு பொருத்தும் கமராதான் ஊருக்குள் எளிதாக வரக்கூடியது. அதை நம்பலாமா? சென்னையில் நீரிழிவுள்ள 301 பேருக்கு, கண்மணியை விரிக்கும் துளி மருந்து விட்டு, இரு வகைக் கமராவாலும் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2015இல் வெளிவந்தது. மேசைக் கமரா நோயுண்டு என்று காட்டிய 100 பேரில் ஏறத்தாழ 93 பேரைத் தொலைபேசிக் கமராவும் காட்டியது. பார்வையைப் பறிக்கக்கூடிய கடும் நிலையில் மட்டும் 88 பேர். தவறிய 12 பேர் சிறு தொகையல்ல. ஆயினும் படமே எடுக்காவிட்டால் நூறு பேருமே தவறிவிடுவார்கள் அல்லவா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீரிழிவுள்ளோருக்கு ஒழுங்காகக் கண் படம் எடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது ஐம்பது வருடங்கள் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற் காரணமாயிருந்த நீரிழிவுக் கண்நோய், 2009–2010 பதிவுகளில் அந்த இடத்திலிருந்து இறங்கியிருந்தது. சிகிச்சை மேம்பட்டதும் ஒரு காரணம். அங்கே பயன்பட்டது சாதாரண மேசைக் கமராதான்.

படத்தைக் கணினியே பார்த்து முடிவு சொல்லும் முறைக்கு 2018இல் அமெரிக்கா முதன்முதலாக அனுமதி வழங்கியது. அது தேடுவது நீரிழிவுக் கண்நோயை மட்டுமே. “நோயில்லை” என்று அது சொன்னால் கண்ணில் வேறு குறையே இல்லையென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. வெண்புரை இருந்தாலோ கண்மணி சிறுத்திருந்தாலோ எந்தக் கமராவிலும் படம் மங்கலாகும். “படம் தெளிவில்லை” என்றால் “நோயில்லை” என்று பொருளல்ல. அப்படிப்பட்டவரைக் கண் வைத்தியர் நேரிற் பார்க்க வேண்டும்.

வளர்ந்தோருக்கு வரும் வழமையான நீரிழிவாயின், நோயைக் கண்டறிந்தவுடனேயே முதற் படம் எடுக்க வேண்டும். பின்னர் வருடம் ஒரு முறை, அல்லது வைத்தியர் சொல்லும் தவணையில். இடம் மாறி வாழ்வோருக்குப் பழைய படம் பழைய வைத்தியசாலையிலேயே தங்கிவிடுகிறது. புதிய வைத்தியருக்கு ஒப்பிட ஒன்றுமில்லை. ஆகவே படத்தின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். துளி மருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். அன்று சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகாமல், துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.