படகுக்குப் பணம் உண்டு, பிடிபடாத மீனுக்கு?

புயல் வந்தால் மீனவருக்கு அரசுப் பணம் கொட்டுகிறது என்ற நம்பிக்கை தமிழக-ஆந்திர எல்லையிலுள்ள பழவேற்காடு ஏரிக்கரைக்கு வெளியே பலமாக இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்த தொகைகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வலையோடு முழுதாகச் சேதமான கட்டுமரத்துக்கு 50,000 ரூபாய், வல்லத்துக்கு 1 லட்சம், விசைப்படகுக்கு 7.5 லட்சம், சேதமான வலைக்கு 15,000.

அத்தனையும் பொருளுக்கான பணம். பிடிபடாமல் போன மீனுக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அதே அறிவிப்பில், 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் அழிந்த நெல் விவசாயிக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். அது போதாது என்பது வேறு விஷயம்; விளைச்சல் போனால் அங்கே கணக்கிலாவது வருகிறது. எச்சரிக்கையை மதித்துப் படகைக் கரையேற்றிக் காப்பாற்றிய மீனவர், எத்தனை நாள் தொழிலுக்குப் போகாவிட்டாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார். புயலுக்குப் பின் குடும்ப அட்டைக்குக் கொடுத்த 6,000 ரூபாய், சென்னைவாசிகளும் வாங்கிய வெள்ள நிவாரணம்தான்.

"மீன்பிடித் தடைக்காலம் முழுக்க அரசு சோறு போடுகிறது" என்பது அடுத்த பேச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் நாளைக்கு 131 ரூபாய், வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியை வைத்திருக்கும் ஆந்திரம் 2025 முதல் தன் கடல் மீனவர்களுக்குத் தடைக்கால உதவியாக 20,000 கொடுக்கிறது. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் கிடைக்கும் 4,500 ரூபாயையும் இலவசம் என்பார்கள். அதில் 1,500 மீனவர் தன் கையிலிருந்து கட்டியது.

இவற்றைவிட ஆழமான தவறு, புயலும் வெள்ளமும்தான் பேரிடர் என்று நினைப்பது. பழவேற்காட்டைப் பட்டினி போடுவது பெரும்பாலும் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம். மணல் மேடிட்டு அது அடைபட்டால் படகு கடலுக்குப் போக முடியாது, இறால் குஞ்சு ஏரிக்குள் வராது, கோடையில் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். சீட்டுப் போட்டு முறை வைத்து வலை கட்டும் பாடு ஒழுங்கு இங்கே தலைமுறைகளாக நடக்கிறது. ஆனால் ஏரியில் மீனே இல்லாதபோது முறை வந்து என்ன பயன்? மாநிலப் பேரிடர் நிதிக்கான தேசியப் பட்டியலில் பூச்சித் தாக்குதல் உண்டு, கடுங்குளிர் உண்டு. அடைபட்ட முகத்துவாரம் இல்லை.

படகே இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். இருளர் பழங்குடிப் பெண்கள் பறி எனும் பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வெள்ளம் வடியும்வரை அவர்களால் இறங்க முடியாது. பதிவு எண்ணுள்ள படகும் இல்லை, கிழிந்ததென்று காட்ட வலையும் இல்லை. கூடையில் மீன் விற்கும் பெண்களுக்கும் இதே கதிதான்.

போன வருமானத்தை அரசால் எப்படி அளக்க முடியும் என்று கேட்பவர்களுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. அதே மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது, படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய் அறிவித்த அரசு, 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் வாழ்வாதார உதவியும் அறிவித்தது. முகத்துவாரம் அடைபடும் மாதங்களுக்கும் அப்படி ஒரு தொகையை நிர்ணயிக்கலாம். படகு வைத்திருப்பவர்களோடு நிறுத்தாமல், பறியோடு இறங்கும் பெண்களையும் அந்தக் கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும்.