இரும்பின் கனமும் காற்றின் வழியும்

ஆஃப்செட் ஸ்மோக்கர் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், கேட்பவர்கள் முதலில் கேட்பது இரும்பு எவ்வளவு தடிமன் என்பதைத்தான். நான் டெக்சஸில், ஆஸ்டின் பக்கம் குடியிருக்கிறேன். வார இறுதியில் இங்கே எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதோ ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்து ஓக் விறகுப் புகை வரும். எனக்கென்று ஒன்று வாங்கிப் பழகிய பிறகு, நண்பர்களுக்குத் துணையாகவும் கடைகடையாகப் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: தடிமன் அவசியம்தான். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது காற்று போகிற வழி.

இந்த அடுப்பின் அமைப்பு எளிமையானது. படுக்கவைத்த பெரிய இரும்பு உருளை, அதன் ஒரு பக்கத்தில், சற்றுத் தாழ்வாக, விறகு எரியும் ஃபயர்பாக்ஸ், மறுகோடியில் புகைபோக்கி. இறைச்சிக்கு நேர் கீழே நெருப்பு கிடையாது. பக்கத்தில் எரியும் தீயின் சூடும் புகையும் உருளைக்குள் நுழைந்து, இறைச்சியைத் தடவிக்கொண்டு போய் மறுபக்கம் வெளியேறும். அந்த இழுப்பைத் தருவது புகைபோக்கியில் மேலேறும் சூடான காற்று. புகைபோக்கி ஒல்லியாகவோ குட்டையாகவோ இருந்தால் இழுப்பு குறையும், தீக்குக் காற்று போதாது, விறகு கொழுந்துவிட்டு எரியாமல் புகையும். தடித்த வெள்ளைப் புகை கிளம்பும். அது படிந்த இறைச்சி கசக்கும். நன்றாக எரியும் தீயின் புகை மெல்லிய நீலமாகத்தான் தெரியும்; சில நேரம் கண்ணுக்கே தெரியாது.

இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் லாக்ஹார்ட் ஊருக்குப் போங்கள். டெக்சஸின் பார்பெக்யூ தலைநகர் என்று 1999இல் மாநிலச் சட்டமன்றமே அறிவித்த ஊர். அங்கே ஸ்மிட்டீஸ் மார்க்கெட்டில், செங்கல் அடுப்புகளின் ஓரத்தில் தரையிலேயே விறகு எரிந்துகொண்டிருக்கும். நெருப்பைச் சுற்றி இரும்புப் பெட்டியும் இல்லை, கதவும் இல்லை. வாடிக்கையாளர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். தீயின் சூடு மட்டும் செங்கல் அறைக்குள் இழுபட்டு மறுகோடிக்குப் போகிறது. ஆஃப்செட் முறையின் சாரம் அந்த இழுப்புதான். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் கடையில் கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும்.

கடைக்குப் போனால் நான் முதலில் திறப்பது ஃபயர்பாக்ஸைத்தான். பெரிய உருளையின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது அது இருக்க வேண்டும். பதினாறு அங்குல விறகுத் துண்டு ஒன்றை உள்ளே படுக்கவைத்தால் சுற்றிலும் தாராளமாக இடம் மிஞ்ச வேண்டும். பெரிய சங்கிலிக் கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் மலிவான ஸ்மோக்கர்கள் பலவற்றில் விறகு எரிக்கவே இடம் இருக்காது. கரி போடலாம், அவ்வளவுதான். பிறகு ஃபயர்பாக்ஸிலிருந்து உருளைக்குள் போகும் திறப்பு, அதன்பின் புகைபோக்கியின் அகலம். இந்த மூன்றில் ஒன்று குறுகலாக இருந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை.

இனி தடிமன். மலிவானவற்றில் தகடு இரண்டு மில்லிமீட்டருக்கு முன்பின்னாக இருக்கும். காலமெல்லாம் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் தேடுவது கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். கனமான தோசைக்கல்லில் மாவு ஊற்றியதும் கல் சட்டென்று குளிர்ந்துவிடாது அல்லவா, அதே நியாயம்தான். கதவைத் திறந்து மூடினாலும், புது விறகு பற்ற நேரம் எடுத்தாலும், உருளையின் சூடு பெரிதாக ஏறி இறங்காது. மாட்டின் நெஞ்சிறைச்சியான பிரிஸ்கெட்டுக்கு 250 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 120 முதல் 135 செல்சியஸ், பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் நிற்க வேண்டும். அந்த நிதானத்துக்காகத்தான் இவ்வளவு இரும்பு.

ஆனால் தடித்த இரும்பு சூட்டை வெளியே விடாமல் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. இரும்பு சூட்டைத் தேக்கிவைக்கும், தடுத்துவைக்காது. ஜனவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று வீசும்போது கால் அங்குலத் தகடும் சூட்டை இழக்கும், விறகும் கூடுதலாகச் செலவாகும். காலையில் அது சூடேறி நிலைக்கவே ஒரு மணி நேரம் ஆகலாம். பணம் அளவாக இருந்தால் ஃபயர்பாக்ஸாவது தடிமனாக இருக்கட்டும் என்பேன். மெல்லிய தகடு முதலில் கோணுவதும் துருப்பிடித்து ஓட்டை விழுவதும் அங்கேதான்.

எடையை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். கால் அங்குலத் தகடு ஒரு சதுர அடிக்குப் பத்து பவுண்டு சொச்சம். இருபது அங்குல விட்டமும் மூன்றரை அடி நீளமும் உள்ள உருளை மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும். ஃபயர்பாக்ஸ், கால்கள், கம்பித் தட்டுகள் எல்லாம் சேர்ந்தால் இருநூறுக்கு மேல். லாரிக்காரர் பெரும்பாலும் தெருவோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து கொல்லைக்குக் கொண்டுபோக ஆளும் பலகையும் வேண்டும். பக்கவாட்டு வேலிக்கதவின் அகலத்தை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். புல்தரையில் நிறுத்தினால் மழைக்குப் பிறகு சக்கரம் புதையும். சிமெண்ட் தளமோ கல் பாவிய தரையோ தேவை. வீட்டுச் சுவரிலிருந்தும் மரவேலியிலிருந்தும் பத்தடியாவது தள்ளியிருக்க வேண்டும்.

ரிவர்ஸ் ஃப்ளோ என்று ஒரு வகை உண்டு. கம்பித் தட்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பலகை இருக்கும். சூடு அதன் கீழாகக் கோடிவரை போய், இறைச்சிக்கு மேலாகத் திரும்பி வரும். சூடு சீராகப் பரவும் என்பது உண்மை. எனக்கோ நேராக இழுக்கும் வகைதான் பிடித்தம். சீக்கிரம் சூடேறும், இழுப்பும் வலுவாக இருக்கும். எந்த வகையானாலும், வாங்காமல் தாமே செய்ய ஆசைப்படுபவர்களும் உண்டு. ஆஸ்டினில் 2009இல் ஒரு டிரெய்லரில் தொடங்கிய ஃப்ராங்க்ளின் பார்பெக்யூ, ஆயிரம் காலன் புரோபேன் தொட்டிகளை வெட்டிச் செய்த ஸ்மோக்கர்களுக்குப் பேர்போனது. அதைப் பார்த்துப் பழைய எரிவாயுத் தொட்டி வாங்கித் தாமே வெட்ட நினைப்பவர்களிடம் கையைப் பிடித்துச் சொல்வேன்: வேண்டாம். காலி என்று தோன்றும் தொட்டிக்குள் தங்கிய வாயு வெடிக்கும். முறையாகச் சுத்தம் செய்யத் தெரிந்த வெல்டரிடம் மட்டும் கொடுங்கள்.

பழையதை விலைபேசும்போது ஒரு டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து, கதவுகளை மூடி, இருட்டில் சுற்றிவந்து பாருங்கள். பெரிய கதவின் விளிம்பில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை. ஃபயர்பாக்ஸின் வெல்டிங் இணைப்பில் தெரிந்தால் வேண்டாம். அந்த வழியாக நுழையும் காற்று உங்கள் கட்டுப்பாட்டுக்கு வராது. கதவில் மேலே பதித்த வெப்பமானியையும் நம்பிவிட வேண்டாம். இறைச்சி இருக்கும் மட்டத்தைவிட அங்கே சூடு அதிகம். கம்பித் தட்டின் உயரத்தில் இன்னொரு வெப்பமானி செருகத் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குவதற்கு முன் வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போக முடியாது. அரைமணி, முக்கால்மணிக்கு ஒருமுறை நன்கு காய்ந்த போஸ்ட் ஓக் துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நாளை அடுப்பருகே கழிப்பதில் விருப்பமில்லாதவர்களுக்கு, மரத்தூள் குச்சிகளைத் தானே போட்டு எரித்துக்கொள்ளும் பெல்லட் ஸ்மோக்கரே நல்லது என்று தயங்காமல் சொல்கிறேன். விருப்பமுள்ளவர்களுக்கு இதைப்போன்ற சுகம் வேறில்லை.

வீட்டுக்கு வந்ததும் உள்பக்கம் முழுக்கச் சமையல் எண்ணெய் தடவி, சில மணி நேரம் வெறுமனே எரியவிடுங்கள். அடுத்து, கடையில் டப்பாவில் விற்கும் பிஸ்கட் மாவை வில்லைகளாகத் தட்டு நெடுக வரிசையாக வைத்துச் சுட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் கருகுகிறது, எங்கே வெளுப்பாக நிற்கிறது என்று அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஃபயர்பாக்ஸ் பக்கம்தான் சூடு அதிகம். பிரிஸ்கெட்டின் கொழுப்பு மிகுந்த தடித்த முனையை அந்தப் பக்கம் பார்த்து வையுங்கள்.